மீன் முத்திரைப் பானைகள்

விளக்கு வைத்து வெகுநேரம் ஆன பிறகு, கொற்றங்குடி நெசவாளர் தெருவில் ஒரு குழந்தை சிரிக்கிற சத்தம் கேட்டது. குழந்தை சிரித்தால் யாராவது பயப்படுவார்களா? அந்தத் தெரு பயந்தது. தொண்டை வறண்ட, நிற்காத சிரிப்பு. செவந்தியின் இரண்டு வயது மகள் அஞ்சலை, கண்மணி அகல விரிய, இல்லாத எதையோ காற்றில் பிடித்துக்கொண்டே சிரித்தாள். விடிவதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. மூச்சும்தான்.

அந்த நாளில் கொற்றங்குடியை ஆண்டவன் வேழமாறன் என்றொரு ராஜா. காலையில் ஒரு மனசு, மாலையில் ஒரு மனசு. இளவரசனுக்குப் பல் முளைத்த சந்தோஷத்தில் விழா எடுத்து, பிள்ளை இருக்கிற வீட்டுக்கெல்லாம் ஒரு பானை கம்புமாவு தானம் செய்திருந்தான். எந்த நாள் இடித்த மாவு என்று தெரிய, பானை வயிற்றில் அரக்கு முத்திரை வைப்பது அரண்மனை வழக்கம். முதல் நாள் மாவுக்கு மயில், மறுநாளுக்கு யானை, மூன்றாம் நாளுக்கு மீன்.

பிள்ளையைப் புதைத்த கையோடு செவந்தி பானையைத் தூக்கிக்கொண்டு சபைக்கு வந்தாள்.

"தெருவில் வீடு வீடாகப் பார்த்துவிட்டு வந்தேன் சாமி. மயில் பானை தின்ற பிள்ளைகள் ஓடி விளையாடுகின்றன. யானைப் பானையும் அப்படித்தான். மீன் பானை தின்ற மூன்று பிள்ளைகள் படுக்கையில். என் பிள்ளை மண்ணில்."

பண்டகசாலை அதிகாரி இடும்பநாதர் மாவை மோந்து பார்த்தார். "கமகமவென்று இருக்கிறது! சட்டி கழுவத் தெரியாதவள், பழியை அரண்மனை மேல் போடுகிறாள்."

"விஷம் நாறித்தான் வர வேண்டும் என்று சட்டமா, இடும்பரே?" என்றார் அமைச்சர் நன்னம்பி. "பிரபு, அறுபது மீன் பானைகளையும் இன்றே திரும்ப வாங்க வேண்டும்."

"கொடுத்ததைப் பிடுங்கினவன் என்று எனக்குப் பெயர் வர வேண்டுமா?"

"பிடுங்க வேண்டாம். ஒன்றுக்கு இரண்டாக மாற்றிக் கொடுங்கள்."

இடும்பநாதர் கண் மின்னியது. ராஜா மீசையை முறுக்கினான். "சரி. பொழுது சாய்வதற்குள் அறுபதும் வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் உன் தலை, நன்னம்பி!"

தெருத்தெருவாகத் தண்டோரா போட்டார்கள். "மீன் முத்திரைப் பானையில் விஷம்! கொதிக்க வைத்தாலும் போகாது! நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள், மாட்டுக்கும் கொட்டாதீர்கள். பிரித்ததோ பிரிக்காததோ, பாதியோ காலியோ, கொண்டு வந்தால் ஒன்றுக்கு இரண்டு நல்ல பானை! தின்ற பிள்ளையை வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்!"

மாலைக்குள், செவந்தியுடையதையும் சேர்த்து, வீடுகளிலிருந்து முப்பத்தாறு பானைகள் வந்தன. கடைசியாக இடும்பநாதரின் வண்டியில் இருபத்துமூன்று வந்தன.

"இடும்பரே, உங்கள் வீட்டில் இருபத்துமூன்று கைக்குழந்தைகளா?" என்றார் நன்னம்பி. "ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே!"

சபை சிரித்தது. தானப் பானையைப் பதுக்கியவர், ஒன்றுக்கு இரண்டு என்ற ஆசையில் தானே வந்து மாட்டிக்கொண்டார்.

ஆனால் எண்ணிக்கை ஐம்பத்தொன்பதுதான். ராஜா வாளைத் தொட்டான்.

"என் தலை எங்கேயும் ஓடாது பிரபு. தண்டோரா தனக்கில்லை என்று நினைக்கிற வீடு ஒன்று இருக்கிறது. முதலில் அங்கே பார்ப்போம்" என்று சொல்லிக்கொண்டே நன்னம்பி அந்தப்புரத்துக்கு ஓடினார். ராஜாவும் பின்னால் ஓடினான்.

அங்கே தாதி வெள்ளிக் கிண்ணத்தில் கூழை ஆற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மீன் முத்திரைப் பானை. "தண்டோரா கேட்டதே! அது ஊருக்குத்தானே சாமி? அரண்மனைக்கு யார் தண்டோரா போடுவார்கள்?"

இளவரசன் வாயைத் திறந்து காத்திருந்தான். ராஜா கிண்ணத்தைத் தட்டிவிட்டான்.

சபைக்குத் திரும்பியதும் இடும்பநாதர் ராஜா காலில் விழுந்து உளறினார். "மலிவாகக் கிடைத்த கம்பு. ஊமத்தை விதை கலந்திருக்கிறது என்று இடிக்கிற பெண்கள் சொன்னார்கள். நான்தான் பிரபுவிடம் சொன்னேனே..."

ராஜா அவர் பேச்சை வெட்டினான். அறுபது பானைகளையும் உடைத்துச் சுண்ணாம்புக் குழியில் புதைக்கச் சொன்னான். இடும்பநாதர் தன் பெயரைத் தானே சொல்லித் தெருவெல்லாம் தண்டோரா போட வேண்டும் என்று தீர்ப்பளித்தான். நன்னம்பிக்கு முத்துமாலையை நீட்டினான்.

"முத்திரையைப் பார்த்துக் கண்டுபிடித்தவள் செவந்தி" என்று அமைச்சர் கையை மடக்கிக்கொண்டார்.

ராஜா மாலையோடு நெசவாளர் தெருவுக்கு நடந்தே போனான். செவந்தி வாசலில் நின்றாள்.

"இடும்பர் போட்ட தண்டோராவில், உங்களிடமும் சொன்னதாகக் கேட்டேன். உங்களுக்கு எப்போது தெரியும் சாமி?"

"விழாவுக்கு முதல் நாள்."

"அன்றைக்கே நிறுத்தியிருக்கலாமே?"

"பந்தல் போட்டாகிவிட்டது" என்றான் ராஜா.

செவந்தி அவனையே பார்த்தாள். மாலையைத் தொடவில்லை. கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.