லூசில்லாத் தீவு

முன்பொரு காலத்தில் தென்கடல் ஓரத்து நாடு ஒன்றைப் பராங்குசன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் குளமோ குதிரையோ, எதைக் கண்டாலும் தன் பெயரை வைத்துவிடுகிற வியாதி அவனுக்கு.

அவன் கடலில் பாறைகள் சூழ்ந்த தீவு ஒன்று உண்டு. கப்பல் உடைந்து மகளைப் பறிகொடுத்த யவனக் கிழவன் மார்க்கஸ் அங்கே தனியாக இருந்தான், பாவம். இன்னொரு படகு மோதக் கூடாதென்று அந்திதோறும் தீ மூட்டுவான். பிழைத்த மீனவர்கள் கைம்மாறு கேட்டால், "இந்தத் தீவை என் மகள் பெயரால் கூப்பிடுங்கள், போதும்" என்பான். லூசில்லா என்ற அந்த லத்தீன் பெயர் வாய்க்கு வாய் பரவி, யவனர் துறைமுகம் வரை போய்விட்டது.

மந்திரி நல்லாதன்மேல் பொறாமையில் வெந்துகொண்டிருந்த அரசவைப் பிரபு மதங்கராயர் சும்மா இருப்பாரா? "மகாராஜா! உங்கள் கடலில் யாரோ ஒரு பெண்ணின் பெயரா? மந்திரி கண்டும் காணாமல் இருக்கிறார். கிழவனை விரட்டிவிட்டு, பராங்குசத் தீவு என்று கல் நடுவோம்!"

"அப்படியே ஆகட்டும்" என்றான் ராஜா.

கிழவன் சபைக்கு வந்து காலில் விழுந்தான். "அவளுக்குச் சமாதிகூட இல்லை, அரசே. அவளுக்கென்று மிஞ்சியது அந்தப் பெயர் ஒன்றுதான்."

நல்லாதன் எழுந்தார். "பெயர் கல்லிலா நிற்கிறது, மகாராஜா? வாயில் அல்லவா நிற்கிறது! ராயர் பத்து நாள் அங்கே தனியாகத் தீ வளர்க்கட்டும். அவர் எந்தப் பெயரைக் கூப்பிடுகிறாரோ, அதையே வைப்போம். படகுக்காரர்கள் சாட்சி."

"ப்பூ, இவ்வளவுதானா? மூச்சுக்கு முந்நூறு தரம் உங்கள் பெயர்தான், மகாராஜா!" என்று கிளம்பினார் ராயர்.

இரண்டு நாள் சொன்னார். கேட்க ஆளில்லாத இடத்தில் முகஸ்துதி எத்தனை நாள் தாங்கும்?

பதினோராம் நாள் படகுக்காரன் சபையில் சொன்னான்: "செவந்தி, செவந்தின்னு அலையைப் பாத்துக் கத்திக்கிட்டே இருந்தாருங்க, சாமி."

ராயர் தலைகுனிந்தார். "என் மனைவி. போன வருஷம் போய்விட்டாள்." யாரும் சிரிக்கவில்லை. "அவள் பெயர் வேண்டாம், மகாராஜா. கிழவனுடைய மகள் பெயரே இருக்கட்டும். நான்தான் தப்பாகப் பேசிவிட்டேன்."

ராஜா மந்திரிக்குத் தன் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தான். கிழவனுக்கு ஆயுள் முழுக்க விறகும் அரிசியும் அனுப்ப உத்தரவிட்டான். சபை கலைந்த பிறகும் அவன் எழுந்திருக்கவில்லை.

"நல்லாதரே, நான் போன பிறகு என்னை இப்படிக் கூப்பிட யாராவது இருக்கிறார்களா?"