எல்லா ஆப்ஷனையும் போட்டவர்

"எல்லா ஆப்ஷனையும் போட்டுட்டேன் மேடம். இன்னும் நின்னு நின்னுதான் பேசுது. வேற ஏதாவது ஆப்ஷன் இருந்தா சொல்லுங்க, அதையும் போட்டுடறேன்."

மாடியேறி வந்த மூச்சிரைப்பு அடங்கும் முன்பே சிங்காரவேலு சார் கேட்டுவிட்டார்.

மேடம் என்று அவர் கூப்பிட்ட ஹமீதாவுக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். உறையூரில் மிக்சி ரிப்பேர் கடைக்கு மேலே ஒற்றை அறை, ஒரு கம்ப்யூட்டர், அவ்வளவுதான் அவள் ஆசிரமம். மற்றவர்கள் தங்கள் புரோகிராமில் சேர்த்துக்கொள்ள அவள் எழுதிவைத்த லைப்ரரியோ எங்கெங்கோ ஓடிக்கொண்டிருந்தது. கார்பேஜ் கலெக்டர் என்பார்கள். புரோகிராம் ஓட ஓட நினைவகத்தில் குப்பை சேரும் அல்லவா, யாரும் பிடித்துக்கொண்டிராத பொருளாகப் பார்த்துக் கூட்டித் தள்ளுவது அதன் வேலை. எப்படிக் கூட்ட வேண்டும் என்பதைக் கம்பைல் செய்யும்போதே, அதாவது புரோகிராமை ஓடும் வடிவத்துக்கு மாற்றும்போதே, ஆப்ஷன் போட்டுச் சொல்லிவிட வேண்டும். ஓட ஆரம்பித்த பிறகு கெஞ்சினாலும் கேட்காது.

சார் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மனைவி பவளக்கொடிக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போயிற்று. வலது கையும் எழும்பவில்லை. சொல்லெல்லாம் மனசுக்குள் அப்படியே இருந்தது, வெளியே வரத்தான் வழியில்லை. சார் அழுதார். அழுது முடித்துவிட்டு இந்த ஹமீதாவிடமே வந்து புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டார்.

கற்றுக்கொண்டு, ஹமீதாவின் கலெக்டரையும் உள்ளே சேர்த்து, ஒரு பேசும் பெட்டி செய்தார். அந்த அம்மா இடது கை விரலால் எழுத்தைத் தொட்டால், பெட்டி அதைச் சொல்லும். சும்மா சொல்லக் கூடாது, மனுஷர் கெட்டிக்காரர்தான்.

ஆனால் ஒரு சொல் சொல்லிவிட்டுப் பெட்டி நின்றுவிடும். திரையும் உறைந்துவிடும்.

ஹமீதா அவர் கம்பைல் செய்து கொண்டுவந்த பில்டைத் திறந்து பார்த்தாள்.

யார் எதைப் பிடித்திருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் விசாரி. போட்டிருந்தார். எது எங்கிருந்து வந்தது என்று குறித்துவை. போட்டிருந்தார். ஓரத்தில் எதுவும் சிந்தியிருக்கிறதா பார். அதையும்தான். பிழை தேடும்போது மட்டும் போட வேண்டிய ஆப்ஷன்களை எல்லாம், ஒன்று விடாமல், வீட்டில் ஓடும் பெட்டிக்குள் இறக்கிவைத்திருந்தார் மனுஷர்.

"கடைசியா அம்மா என்ன சொன்னாங்க சார்?"

"'ரசம்'னு சொன்னா. அதோட நின்னுடுச்சு. பரவாயில்ல, புரிஞ்சுக்கிட்டேன். ஓடிப்போய் வெச்சுக் கொண்டாந்தேன். இப்பல்லாம் தினம் ரசம்தான் கேக்கறா."

"குடிச்சாங்களா?"

"ஒரு சொட்டு மிச்சம் வெக்க மாட்டா."

ஹமீதா தன் டிபன் பாக்ஸைத் திறந்து இட்லியை அவர் முன்னால் வைத்தாள்.

"காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க. சாப்பிடுங்க."

நல்ல பசி. ஒரு துண்டு பிட்டார்.

"இதை இப்ப யார் பிடிச்சிருக்காங்க?"

"நான்தான்."

"எங்கேர்ந்து வந்தது?"

"என்ன மேடம்... உங்க டப்பாவிலேர்ந்து."

வாய்க்குக் கொண்டுபோனார்.

"இருங்க, இருங்க. கீழ சிந்தியிருக்கா பாருங்க."

பார்த்தார். சிந்தவில்லை. மறுபடி கையைத் தூக்கினார்.

"இப்ப யார் பிடிச்சிருக்காங்க?"

"அட, சாப்பிட விடுங்களேன்!"

கத்தியேவிட்டார். கத்திய பிறகு இட்லித் துண்டு கையிலேயே இருந்தது. மெல்லத் திரையைத் திரும்பிப் பார்த்தார்.

"பயமா இருக்கு மேடம். இதையெல்லாம் எடுத்துட்டா, அவ சொல்ற சொல்லு ஏதாவது குப்பையோட போயிட்டா? ஏற்கெனவே எல்லாப் பேச்சையும் ஒரு தடவை தொலைச்சவ அவ. இனி ஒண்ணுகூடத் தொலையக் கூடாது."

ஹமீதாவுக்குக் கண் கலங்கியது. தண்ணீரை நகர்த்திவைத்தாள்.

"இத்தனை மாசத்துல ஒரு சொல்லாவது தொலைஞ்சிருக்கா சார்?"

"இல்ல."

"ஒரு வாக்கியமாவது முடிஞ்சிருக்கா?"

சார் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு ஆப்ஷனாக அவரே எடுத்தார். கடைசி ஒன்றில் விரல் நின்றது.

"இது மட்டும் இருந்துட்டுப் போகட்டுமே?"

"இட்லியை எடுங்க சார். இதை இப்ப யார் பிடிச்சிருக்காங்க?"

சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. அதையும் எடுத்தார். ஹமீதா அவர் தோளுக்கு மேலே கைநீட்டி ஒன்றே ஒன்றை மட்டும் சேர்த்தாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு, பேச்சை நிறுத்தாதே என்கிற ஆப்ஷன். மறுபடி கம்பைல் செய்து கொடுத்தனுப்பினாள்.

அன்று சாயங்காலம் சார் பவளக்கொடி அம்மா முன்னால் பெட்டியை வைத்தார். அம்மா அவரை ஒரு தரம் பார்த்தாள். விரல் எழுத்துகளின் மேல் மெதுவாக நகர்ந்தது.

"ரசம்" என்றது பெட்டி.

"இதோ, ஒரு நிமிஷம்!"

பழக்கம் விடுமா? எழுந்து அடுக்களை வாசல் வரை போய்விட்டார். புளி டப்பாவை எடுக்கக் கைகூட நீண்டுவிட்டது.

பெட்டி நிற்கவில்லை.

"ரசம் போதுங்க. வந்து பக்கத்துல உக்காருங்க."