சிங்கத்தின் பிடரியில் நடந்த பாடம்

காடுகளுக்கு மனிதர்கள் பெயர் வைக்காத காலத்தில், கடுவாயர் என்றொரு சிங்கராஜா இருந்தார். எந்தக் காடு என்று கேட்காதீர்கள். கேட்ட பண்டிதர்கள் இன்னும் சண்டையில் இருக்கிறார்கள்.

அங்கே பொன்மூக்கி என்றொரு மைனா, எருமைகளின் முதுகில் உண்ணி பொறுக்கி வயிறு வளர்த்தாள். மனமோ பழங்கதைகளில். எந்த ராஜா எப்படி ஆண்டார், எப்படி மாண்டார் என்று குட்டிகளுக்குச் சொல்லித்தர அவளுக்குத் தீராத ஆசை.

ஒருநாள் மந்திரி நரியார் வந்தார். சிங்கக்குட்டிகளுக்கு வரலாறு சொல்ல ஆசிரியர் தேவையாம். "ஆனால் அம்மணி, ராஜகுரு உண்ணி பொறுக்கினால் சபைக்கு அழகா? அதை விட்டுவிடுங்கள். பழம் அரண்மனையிலிருந்து வரும்" என்றார்.

தாய் மைனா மகளைத் தடுத்தாள். "போகாதேடி. கிளி போனது. முயல் போனது. எது திரும்பி வந்தது? எருமை இருக்கிறது, உண்ணி இருக்கிறது, உயிராவது மிஞ்சும்."

பொன்மூக்கிக்கு அன்று இரை இறங்கவில்லை. போனால் சாவு. போகாவிட்டால் ஆயுள் முழுக்க எருமை முதுகு.

மறுநாள் ராஜாவின் குகையருகே, ஆசிரியர்கள் தங்கும் மரத்தைப் பார்க்கப் போனாள். அடியில் பழக்கொட்டைகள் குவிந்திருந்தன. குவியலில் பச்சை இறகுகள். பக்கத்தில் ஒரு நீண்ட காது.

என்ன நடந்தது என்று நரியாரைக் கேட்டாள். தாத்தா எப்படிச் செத்தார் என்று குட்டிகள் கேட்டனவாம். போரில் மாண்டார் என்றது கிளி. அதை நம்பிய குட்டியொன்று யானையோடு மோதிக் காலை ஒடித்துக்கொண்டது. ராஜா கிளியைத் தின்றார். முயல் உண்மையைச் சொன்னது. முயலையும் தின்றார்.

"இரண்டுமே அரண்மனைப் பழத்தில் நன்றாகக் கொழுத்திருந்தன" என்று நரியார் நாக்கைச் சப்புக்கொட்டினார்.

பொன்மூக்கி நேரே ராஜாவிடம் போனாள். பழம் வேண்டாம், உங்கள் பிடரியில் உண்ணி பொறுக்கிப் பிழைத்துக்கொள்வேன், அங்கிருந்தே பாடமும் சொல்வேன் என்றாள். நரியார் முகம் சுளித்தார். நெடுநாளாக அரிப்பில் தவித்த ராஜா சரி என்றார்.

முதல் பாடம். அவள் இடது காதோரம் பொறுக்கி முடித்தாள். குட்டிகள் அதே கேள்வியைக் கேட்டன.

பொய் சொல்லலாம். தெரியாது எனலாம். அம்மாவிடம் பறந்துவிடலாம்.

"உங்கள் தாத்தா முள்ளம்பன்றிக்குப் பயந்து ஓடினார். ஓடும்போது பாழுங்கிணற்றில் விழுந்து செத்தார்" என்றாள்.

காலடியில் பிடரி சிலிர்த்து நின்றது. குகை அதிர உறுமல் எழுந்தது. பெரிய பாதம் உயர்ந்தது. பொன்மூக்கி பொறுக்குவதை நிறுத்திக் கண்களை மூடிக்கொண்டாள்.

பாதம் ராஜாவின் வலது காதுக்குப் போனது. ஒருமுறை சொறிந்தது. இருமுறை சொறிந்தது. மும்முறை சொறிந்தது. உண்ணி ஒன்றுகூட அசையவில்லை.

ராஜா பெருமூச்சு விட்டார். "வலது காது பாக்கி இருக்கிறது. பாடத்தையும் நிறுத்தாதே."

அதன்பின் பொன்மூக்கி பல தலைமுறைக் குட்டிகளுக்கு ஆசிரியையாக இருந்தாள். பயம் மட்டும் போகவில்லை. ஒவ்வொரு நாளும் பிடரியில் இறங்குமுன் சிறகு நடுங்கும். உடம்பில் சதை பிடிக்கவும் இல்லை.

ஆகவே கேட்டவர்களே, தன் வயிற்றுப்பாட்டைத் தன் உழைப்பால் பார்த்துக்கொள்பவருக்கே, தான் நேசிக்கும் பாடத்தை உள்ளது உள்ளபடி சொல்லித்தர முடியும்.