பகடை போட்ட மரங்கள்

"எல்லா மரமும் சுருங்கிடுச்சும்மா. இனியாவது என் விதிகளைப் பாடத்துல சேத்துக்குங்க. கண்ணுல புரை விழுந்துடுச்சு, இனி நாளில்லை," என்றார் மாசிலாமணி.

அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. குருவான உமையாள் இருபது வயது இளையவள். அதனால் என்ன, அந்தக் கணித மடத்தில் அவள் தலையசைக்காமல் எதுவும் பாடமாகாது.

நீளமான கணக்குகளைச் சுருக்க நாற்பது விதிகள் கண்டுபிடித்திருந்தார் மனுஷன். பதினோரு வருஷம் அதைச் சோதித்தார். கொக்குக்கு ஒன்றே மதி என்பார்களே, அப்படி. மனைவி சாவுக்குக்கூட இரண்டே நாள்தான் போய் வந்தார்.

கணக்கை மரமாக வரைவது மடத்து வழக்கம். கிளை பிரியும் ஒவ்வொரு கவையும் கூட்டல் அல்லது பெருக்கல். ஒவ்வொரு இலையும் ஓர் எண். சோதிக்க வேண்டிய மரத்தில் எந்தக் கவை கூட்டல், எந்தக் கவை பெருக்கல், எந்த இலையில் என்ன எண் என்பதையெல்லாம் பகடை போட்டுத்தான் வரைவார். கை பாரபட்சம் பார்க்குமாம், பகடை பார்க்காதாம்.

"எவ்வளவு பெரிய மரங்க?"

"ஆயிரம் இலை, பத்தாயிரம் இலை. எதுவானாலும் பத்து இலைக்குள்ள வந்துடுது."

"எங்கேருந்து ஆரம்பிப்பீங்க?"

"நுனியிலேருந்துதான். ஒரு மரம் முடிக்க மாசக்கணக்காகும்."

உமையாள் அவர் கொண்டுவந்த காகிதக் கட்டிலிருந்து ஒரு மரத்தை உருவித் தரையில் விரித்தாள். காகிதம் சுவர்வரை போனது.

மரத்தின் அடியில் விரலை வைத்தாள். மூன்றாவது கவை பெருக்கல். அதன் ஒரு பக்கம் ஒற்றை இலை, பூஜ்ஜியம். மறுபக்கம் மீதி மரம் மொத்தமும்.

கத்தரியால் அந்தக் கவையோடு வெட்டினாள். அந்த இடத்தில் ஒரு பூஜ்ஜியம் எழுதினாள். கையில் மிஞ்சியது மூன்று இலை.

"பூஜ்ஜியத்தால எதைப் பெருக்கினாலும் பூஜ்ஜியம். இது எத்தனாவது விதி?"

"முதல் விதி."

அடுத்த மரம். ஐந்தாவது கவையில் வெட்டினாள். அதற்கடுத்தது இரண்டாவது கவையிலேயே போயிற்று. வெட்டிய காகிதம் முழங்கால் உயரம் குவிந்தது.

மாசிலாமணி தாமே ஒன்றை எடுத்தார். இருந்ததிலேயே பெரியது அதுதான். கண்ணை இடுக்கிக்கொண்டு அடியிலிருந்து பார்த்தார். நாலாவது கவையிலேயே பூஜ்ஜியப் பெருக்கல்.

கத்தரியை அவர் கேட்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பகடை போட்டால் அடிப்பக்கமே எங்காவது பூஜ்ஜியப் பெருக்கல் விழும், முதல் விதி ஒன்றிலேயே அந்த மரம் யார் கைக்கும் சுருங்கும் என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

வெட்டிய காகிதக் குவியலைப் பார்த்துக் கேட்டார்.

"அப்போ மத்த முப்பத்தொம்போதும் தப்பாம்மா?"

"தெரியாதுங்கய்யா," என்றாள் உமையாள். "அதை இன்னும் யாரும் சோதிச்சுப் பாக்கலையே."