நடுவில் கம்பி வேண்டாம்

காங்கேயத்தில் எலெக்ட்ரானிக்ஸ் வகுப்பு நடத்தும் கோகிலவாணிக்கு முப்பத்திரண்டு வயது. அவரிடம் படிக்க வந்த சென்னியப்பனுக்கு ஐம்பத்தெட்டு. வாத்தியாரம்மா என்றுதான் கூப்பிடுவார். பெஞ்சில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிடுவார்.

சென்னியப்பன் நாட்டுக்கோழி முட்டையை இன்குபேட்டரில் வைத்துக் குஞ்சு பொரிக்கிறவர். போன தடவை மச்சினன் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்த நேரத்தில் கரண்ட் போய்விட்டது. வந்து பார்த்தால், ஓட்டுக்குள்ளேயே அத்தனை குஞ்சும் செத்துப்போயிருந்தன. பாவம், மனிதர் ரெண்டு நாள் சோறு தின்னவில்லை. அப்புறம் முட்டை வைத்தால் வாசலைத் தாண்டுவதே கிடையாது.

இந்தத் தடவை முட்டை வைத்த பிறகு ஒரே மகள் பூங்கொடிக்கு வளைகாப்பு குறித்தார்கள். தாராபுரத்தில், சம்பந்தி வீட்டில். குஞ்சு வெளியே வருகிற அதே நாள்.

கரண்ட் போனால் போனுக்குச் சேதி அனுப்பும் ஒரு பெட்டி செய்துவிட்டால் நிம்மதியாகப் போய்வரலாம். அதைக் கற்றுக்கொள்ளத்தான் வந்தார்.

ஒருநாள் காலையில் கருகிப்போன சர்க்யூட் பலகையோடு வந்து நின்றார்.

"என்னாச்சுங்கண்ணா?"

"ப்ரோக்ராம் ஏத்தறதுக்குக் கம்ப்யூட்டர் வயரை இதுல சொருகினேன். டப்புன்னுச்சு. எனக்கும் ஒரு அடி, தூக்கிப் போட்டுருச்சு. ட்ரிப்பர் விழுந்து கரண்ட் கட்டானதால பொழச்சேனுங்க."

கோகிலவாணி பலகையைத் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் வீட்டுக் கரண்ட் வருகிற இடம். மறுபக்கம் கணக்குப் போடுகிற சின்னச் சில்லு. இரண்டையும் சேர்த்து ஒரு சிவப்புக் கம்பி ஓடியது.

"இது எதுக்கு?"

"நீங்கதானுங்க மொத நாளே சொன்னீங்க. எல்லா கிரவுண்டுக் கம்பியையும் ஒண்ணாச் சேர்க்கணும்னு. அதான் நியூட்ரலை கிரவுண்டோட சேர்த்தேன். நியூட்ரல் கம்பியில என்னங்க கரண்ட் இருக்கு?"

"பிளக்கைத் திருப்பிச் சொருகினா? நியூட்ரல் இருந்த எடத்துல கரண்ட் வந்துருமே."

சென்னியப்பன் யோசித்தார். அன்று காலையில் ரூமைக் கூட்டும்போது பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகியது ஞாபகம் வந்தது. ரெண்டு முள் பிளக்கு. நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"பேட்டரிச் சர்க்யூட்டுக்குச் சொன்னதை வீட்டு மெயின் கரண்ட்டுக்கும் சேர்த்துட்டீங்க. நானும் அதைப் பிரிச்சுச் சொல்லலை."

"சேர்க்காட்டி அங்க கரண்ட் இருக்கறது இந்தப் பக்கத்துக்கு எப்படிங்க தெரியும்?"

கோகிலவாணி சாமான் அடுக்கும் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த ரூமுக்கு ஜன்னல் கிடையாது.

உள்ளே இருந்து குரல் வந்தது. "அண்ணா, லைட் எரியுதா?"

"எரியுதுங்க."

"இப்போ?"

"அணைச்சுட்டீங்க."

கதவைத் திறந்து வெளியே வந்தார். "எப்படித் தெரிஞ்சுது?"

"கதவுக்கடியில வெளிச்சம் வந்துச்சே."

"உங்களுக்கும் உள்ள இருக்கற லைட்டுக்கும் கம்பி ஏதாச்சும் இழுத்தோமா?"

சென்னியப்பன் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கோகிலவாணி பலகையிலிருந்த நாலு கால் கறுப்புச் சாமானைக் காட்டினார். "இதுக்குப் பேரு ஆப்டோகப்ளர். இந்தப் பக்கம் கடுகத்தனை ஒரு லைட். கரண்ட் இருந்தா எரியும். அந்தப் பக்கம் அதைப் பார்க்கறதுக்கு ஒரு கண்ணு."

"அட! அப்ப நாந்தான் கம்பியை இழுத்துக் கதவை ஒடச்சுட்டனா!"

கோகிலவாணி புதுப் பலகை ஒன்றை எடுத்தார். கூடவே ரம்பத்தையும் கொடுத்தார். "அந்தச் சாமானுக்கு அடியில, ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல, பலகையையே அறுங்க. கரண்ட் தாண்டி வர வழியே இருக்கக் கூடாது."

சென்னியப்பன் அறுத்தார். பிளாஸ்டிக் பெட்டிக்குள் எல்லாவற்றையும் வைத்து, பேட்டரியும் சிம்மும் போட்டு மூடினார்கள். சென்னியப்பன் வீட்டுக்குப் போய், இன்குபேட்டருக்குப் போகும் லைனில் மாட்டிவிட்டு மெயின் சுவிட்சை இறக்கினார்கள். போன் அலறியது. மனிதர் குதித்த குதியில் அங்கிருந்த பெஞ்சு சாய்ந்தது.

வளைகாப்பு அன்று தாராபுரத்தில் பந்தி தொடங்குகிற நேரம். மடியிலிருந்த போன் அலறியது.

கரண்ட் இல்லை.

சென்னியப்பன் போனை வாரி எடுத்தார். சாவியை வாங்கி வைத்திருந்த பக்கத்துத் தோட்டத்து நாச்சிமுத்துவைக் கூப்பிட்டார். "மாப்ள, ஓடு! ஜெனரேட்டரைப் போடு!"

போனையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது மறுபடி அலறியது.

கரண்ட் வந்துவிட்டது.

பின்னாலேயே நாச்சிமுத்து கூப்பிட்டான். "மாமா, உள்ள கீச்சு கீச்சுன்னு ஒரே சத்தம்! தட்டு நிறையக் குஞ்சு!"

"ஜெயிச்சுட்டோம்டா!" என்று சென்னியப்பன் போட்ட சத்தத்தில் சம்பந்தியம்மா கையிலிருந்த சந்தனக் கிண்ணம் ஆடிவிட்டது. தமிழ்நாட்டில் கரண்ட் போனதற்குக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்த மனிதர் அவராகத்தான் இருப்பார். அதே கையோடு காங்கேயத்துக்குப் போன் போட்டார்.

"வாத்தியாரம்மா, கரண்ட் போச்சு! குஞ்சு வந்துருச்சு! பெட்டி ஜெயிச்சுருச்சுங்க!"

கோகிலவாணியும் கைதட்டிச் சிரிப்பது போனில் கேட்டது. "பூங்கொடி எப்படி இருக்கா? என்ன கலர் சேலை?"

சென்னியப்பன் தலையைச் சொறிந்தார்.

"காலையில இருந்து போனைத்தானுங்க பார்த்துட்டு இருக்கேன்."

"கரண்ட்டைப் பார்க்கத்தான் அங்க ஒரு கண்ணு வெச்சுட்டு வந்திருக்கீங்களே. உங்க கண்ணால மகளைப் பாருங்கண்ணா."