முதல் ரொட்டி யாருடையது?

முன்னொரு காலத்திலே, இத்தாலி தேசத்து மலையொன்றின் உச்சியிலே, பியெத்ரமூத்தா என்றொரு கல் ஊர் இருந்தது. வீடு கல், கூரை கல், படிக்கட்டு கல். ஊர்க்காரர்களின் மண்டையும் கல்தான் என்பதைக் கதை முடிவதற்குள் நீங்களே சொல்வீர்கள்.

ஊருக்கெல்லாம் பொதுவாக ஒரே ஓர் அடுப்பு. எல்லார் வீட்டு ரொட்டியும் அதில்தான் வேகும். ரொட்டி மாறிப்போகாமல் இருக்க வீட்டுக்கொரு மர முத்திரை உண்டு. ரொக்கோ வீட்டு முத்திரை சேவல். எதிர்வீட்டு தொனாத்தா அக்காவின் முத்திரை சாவி. முதலில் வைக்கிற ரொட்டிதான் நன்றாகச் சிவக்கும் என்று ஊரில் ஒரு பேச்சு. அதனால் தினமும் காலையில் இந்த இருவருக்கும் ஒரே சண்டை.

"முதல் ரொட்டி யாருடையது?"

"என்னுடையது!"

"இல்லை, என்னுடையது!"

அடுப்புக்கு மேல்மாடியில் பல்தோ என்ற மந்திரவாதி குடியிருந்தான். பாவம், காலையில் தூங்குகிற ஆள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் ஜன்னலைத் திறந்து சாபம் போட்டுவிட்டான்.

"என்னைத் தவிர இந்த ஊர்க்காரர்களில் எவர் வாயைத் திறந்தாலும், ஒரு வார்த்தைக்கு உடம்பில் ஒரு சாண் கல்லாகட்டும்! சேவல் முத்திரைக்காரனோ சாவி முத்திரைக்காரியோ, யாராவது ஒருவர் ‘உங்க ரொட்டி முதல்ல போகட்டும்’ என்று சொன்னால் சாபம் தீரும்!"

நாலே வார்த்தை! சொன்னார்களா? ஒரு வருஷம் ஆயிற்று, சொல்லவில்லை. தினமும் மாவு பிசைந்து எடுத்து வருவார்கள். ரொக்கோ ஐந்து விரலையும் குவித்து ஆட்டுவான். தொனாத்தா அக்கா தாடைக்கு அடியில் புறங்கையைத் தட்டிக் காட்டுவாள். அந்த நாட்டில் வாயை மூடினால் கை பேசும். கைச் சண்டை முடிவதற்குள் மாவு புளித்துக் கோழிக்குப் போய்விடும். முதல் ரொட்டி போகாமல் மற்றவர்கள் ரொட்டியை வைக்க முடியாதே! ஊர் முழுக்க அவித்த மொச்சையைத் தின்றுகொண்டிருந்தது. இவர்களை என்ன செய்வது, சொல்லுங்கள்!

இந்த லட்சணத்தில்தான் ஒர்சோலா அங்கே வந்து சேர்ந்தாள். அவள் தங்கை நுன்சியாவைத்தான் ரொக்கோவுக்குக் கட்டிக் கொடுத்திருந்தது. ஒர்சோலாவின் வீடு கீழே சந்தைக்கு நடுவில். காது புண்ணாகிப் போய், ‘தங்கச்சி ஊர் அமைதியான ஊர், நாலு நாள் நிம்மதியாக இருக்கலாம்’ என்று ஒரு பாலாடைக்கட்டியைத் தூக்கிக்கொண்டு மலையேறி வந்திருந்தாள்.

அமைதியாகத்தான் இருந்தது. வழி கேட்டால் பதில் இல்லை, வணக்கம் சொன்னால் பதில் இல்லை. ஒரு பூனைகூட இவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுப்படி முற்றத்துக்கு வந்தவள் பாலாடைக்கட்டியைக் கீழே போட்டுவிட்டாள். அங்கே நுன்சியா நின்றிருந்தாள். பாதம் முதல் கழுத்து வரை கல்! முகம் மட்டும் முகமாக இருந்தது.

"அடி நுன்சியா! என்னடி இது?"

மேலே ஜன்னல் திறந்தது. மந்திரவாதி எட்டிப் பார்த்து, நடந்ததை எல்லாம் சொன்னான். "உன் தங்கச்சி மூணு நாளைக்கு முன்னாடி புருஷனைத் திட்டிட்டாள். ‘அட எருமையே! விட்டுக்கொடுத்தால் உன் தலையிலிருக்கிற கிரீடம் இறங்கிவிடுமா?’ என்றாள். எண்ணிப் பார், ஏழு வார்த்தை, ஏழு சாண். உடம்பே எட்டுச் சாண்தானே? மிச்சம் இருப்பது ஒரு வார்த்தை."

ஒர்சோலா ஓடிப்போய்த் தங்கையின் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். நுன்சியாவுக்குக் களைத்துத் தூங்கினால் தூக்கத்தில் பேசுகிற பழக்கம் சிறுவயது முதலே உண்டு. மூன்று நாளாகத் தூங்காமல் நிற்கிறாள். கண் சொருகிச் சொருகி வந்தது. ஒரு நிமிஷம் அயர்ந்தால் முகமும் போய்விடும்.

வெளியூர்க்காரியான ஒர்சோலாவைச் சாபம் தொடாது. அவள் வாய் சும்மா இருக்குமா?

முதலில் மந்திரவாதியிடம் போனாள். "ஐயா, சாபத்தை எடுத்துவிடுங்க!"

"போட்டது நான், எடுக்கவேண்டியது அவங்க. எனக்கு மட்டும் ஆசையா? நானும் ஒரு வருஷமா மொச்சைதான் தின்கிறேன்!"

அடுத்து, வழக்கம்போல ரொக்கோவோடு அடுப்படியில் மாவும் கையுமாக நின்ற தொனாத்தாவிடம் போனாள். "அக்கா, நாலு வார்த்தை! உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!" தொனாத்தா நுன்சியாவைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ரொக்கோவைக் கைகாட்டினாள். முதலில் அவன் சொல்லட்டுமாம்!

மூன்றாவதாக ரொக்கோவிடம் போனாள். "மாப்பிள்ளை, பெண்டாட்டி கல்லாகிறாள்! இன்னும் என்ன வீறாப்பு?" ரொக்கோவும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பிறகு தொனாத்தாவைக் கைகாட்டினான். முதலில் அவள் சொல்லட்டுமாம்!

ஒர்சோலா தலையில் அடித்துக்கொண்டாள். நானாக இருந்தால் அவர்கள் தலையில் அடித்திருப்பேன்.

"நுன்சியா, கண்ணை மூடாதேடி!" என்று தங்கையின் கன்னத்தைத் தட்டினாள். நுன்சியா அக்காவைப் பார்த்தாள். கீழே கிடந்த பாலாடைக்கட்டியைப் பார்த்தாள். கடைசியாகப் புருஷன் கையிலிருந்த மாவைப் பார்த்தாள். ஒரு வார்த்தை பாக்கி. இன்னொரு முறை எருமை என்று திட்டப்போகிறாள் என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

"பசிக்குது," என்றாள் நுன்சியா.

கல் தாடையில் ஏறியது. உதட்டில் ஏறியது. மூக்கைத் தொட்டது.

"அக்கா! உங்க ரொட்டி முதல்ல போகட்டும்!" என்று ரொக்கோ அலறினான்.

"டேய் ரொக்கோ! உங்க ரொட்டி முதல்ல போகட்டும்!" என்று அதே மூச்சில் தொனாத்தாவும் அலறினாள்.

கல் பொலபொலவென்று உதிர்ந்தது. நுன்சியா அக்காவின் தோளில் சாய்ந்தாள். ஊரே ஓவென்று கத்தியது. மந்திரவாதிகூடக் கைதட்டினான்.

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடிய விட்டால்தானே?

"உங்க ரொட்டியை வைங்க அக்கா."

"அதெப்படி? உன் பெண்டாட்டிக்குத்தானே பசி? உன்னுடையதுதான் முதல்ல!"

"முதல்ல சொன்னது நான்! உங்களுடையதுதான்!"

"நான்தான்டா முதல்ல சொன்னேன்!"

ஜன்னலில் மந்திரவாதி மறுபடி கையைத் தூக்கினான். ஒர்சோலா பாய்ந்தாள். ரொக்கோவின் மாவில் ஒரு பிடி, தொனாத்தாவின் மாவில் ஒரு பிடி பிய்த்து உருட்டினாள். முத்திரைக்கு எங்கே போவாள்? தன் கட்டைவிரலை அழுத்தி, அடுப்புக்குள் தள்ளிவிட்டாள்.

"முதல் ரொட்டி விருந்தாளியுடையது! இனி யாராவது வாயைத் திறந்தால் நானே கல்லைத் தூக்கிப் போடுவேன்!"

அன்று முதல் அந்த ஊரில் அதுவே வழக்கம். விருந்தாளி வராத நாளில் என்ன செய்வார்கள்? மலைப்பாதையில் போகிற யாரையாவது பிடித்து இழுத்து வந்து விரலை அழுத்தச் சொல்வார்கள். சேவல் வீட்டு விருந்தாளியா, சாவி வீட்டு விருந்தாளியா என்று அதற்கும் ஒரு சண்டை. திருந்துகிற ஜென்மங்களா அவர்கள்! பல்தோ காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, சுடச்சுட ரொட்டி தின்றுவிட்டுத் தூங்குகிறான்.

ஒர்சோலாவுக்கு நாலு நாள் நிம்மதி கிடைக்கவே இல்லை. ஒரு வருஷப் பேச்சையும் நுன்சியா அந்த நாலு நாளில் பேசித் தீர்த்தாள். தூக்கத்தில்கூட விடவில்லை. ரொக்கோ பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.