நாற்பது நாள் சாயம் பூசிய விமானம்

ஒரு கணினிக்குள் ஒரு விமானம் இருந்தது. ஒரு விசிறி, இரண்டு இறக்கை, இரண்டு இருக்கை. பறக்கும் விளையாட்டுக்கென்றே வாங்கப்பட்டது. ஆனால் நாற்பது நாள் அது ஓடுதளத்தை விட்டு ஓர் அங்குலம்கூட எழும்பவில்லை. ஒரே ஒரு தடவை பறந்துவிட வேண்டும், அவ்வளவுதான் அதன் ஆசை.

எல்லாம் அதன் சொந்தக்காரர் நாச்சிமுத்துவால் வந்த வினை. அவர் கரூரில் பேருந்துகளுக்குச் சாயம் பூசிப் பெயர் எழுதுகிறவர். எந்த வண்டியாவது வெறும் வெள்ளையாக நின்றால் அவருக்குக் கை அரிக்கும். பட்டறையிலிருந்து வந்ததும் கணினி முன் உட்கார்ந்து, விமானத்தின் உடம்பில் போர்த்துவதற்கு ஒரு படம் வரைந்தார். அந்தப் படத்துக்கு டெக்ஸ்சர் என்று பெயர். மஞ்சள் அடி, சிவப்புப் பட்டை, ஓரத்தில் இரண்டு மயில், நடுவில் கொட்டை எழுத்தில் ‘தங்கமயில்’.

டெக்ஸ்சர் கல்யாணப்பெண் மாதிரி குலுங்கிக் குலுங்கி வந்தது. “அக்கா, இனிமே நான்தான் உங்களுக்குப் பட்டுச்சேலை.”

“சேலை இருக்கட்டும் தங்கச்சி. பறக்க விடுவாரா?”

“என்னைக் கட்டிக்கிட்டு எதுக்கு அக்கா பறக்கணும்? சும்மா நின்னாலே ஊரு பார்க்கும்.”

ஆனால் வாசலிலேயே கான்ஃபிக் கோப்பு வழி மறித்தது. எந்த விமானத்துக்கு எந்த உடுப்பு என்று வரிசை எண் போட்டு வைத்திருக்கும் பதிவேடு அது. மூக்கே கிடையாது, இருந்தாலும் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்ப்பதுபோல்தான் பார்க்கும்.

“நம்பர்?”

“ஒன்பதுங்க சார்.”

“கம்பெனி கொடுத்த வெள்ளை உடுப்பு பூஜ்யம். அடுத்தது ஒண்ணு. ஒண்ணைக் காணோமே?”

“எங்க ஐயாவுக்கு ஒன்பதுதான் சார் ராசி. அவர் கைபட்ட பஸ் நம்பரெல்லாம் கூட்டுத்தொகை ஒன்பது.”

“ராசியெல்லாம் பட்டறையில வெச்சுக்கோ. நடுவுல எண் விட்டுப்போனா நான் அந்த இடத்திலேயே பதிவேட்டை மூடிடுவேன். போ, போய் எட்டுப் பேரைக் கூட்டிட்டு வா.”

வேறு யாராவது என்றால் ஒன்பதை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதியிருப்பார்கள். நாச்சிமுத்துவுக்கு மனசு வரவில்லை. அதே வெள்ளையை எட்டுத் தடவை நகலெடுத்து, ஒன்றிலிருந்து எட்டுவரை வரிசையில் நிற்க வைத்து, ஒன்பதாவதாகத் தன் மயிலை அனுப்பினார். கான்ஃபிக் கோப்பு ஒவ்வொரு வெள்ளையையும் ஏற இறங்கப் பார்த்தது. விதிப்படி குற்றம் சொல்ல வழியில்லை. உள்ளே விட்டது.

அடுத்தது பளபளப்பு. டெக்ஸ்சருக்குள்ளேயே அதற்கு ஓர் அளவு உண்டு. புது பஸ் மாதிரி மின்னட்டும் என்று நாச்சிமுத்து அதை உச்சிவரை ஏற்றினார். விமானம் முழுசாக நிலைக்கண்ணாடி ஆகிவிட்டது.

“அக்கா, நான் எங்கே இருக்கேன்?” என்று டெக்ஸ்சர் அலறியது. மஞ்சளையும் காணோம், மயிலையும் காணோம்.

கீழேயிருந்து ஓடுதளம், “ஏம்மா, உன் வயித்துல தெரியறது நானா?” என்று கேட்டது. “நான் இவ்வளவு கறுப்புன்னு யாருமே சொல்லலியே.”

ஏற்றியதை இறக்கினார். இறக்கியதில் பாதியை ஏற்றினார். ஒவ்வொரு தடவையும் விளையாட்டை மூடி, திறந்து பார்க்க வேண்டும். எஞ்சினை முடுக்குவார், விசிறி ஒரு சுற்று சுற்றும், விமானம் மூச்சை இழுத்துப் பிடிக்கும். அதற்குள், “மயில் கண்ணு கொஞ்சம் கோணலா இருக்குதே” என்பார். எல்லாம் அணைந்துவிடும்.

கடைசியாக வந்ததுதான் பெரிய இடி. பேருந்துக்கு இடப்பக்கம் தனியாக எழுதுவார், வலப்பக்கம் தனியாக எழுதுவார். இந்த விமானத்திலோ விளையாட்டைச் செய்தவர்கள் ஒரே படத்தைத்தான் திருப்பிப் போட்டு மறுபக்கத்திலும் ஒட்டியிருந்தார்கள். இடப்பக்கம் ‘தங்கமயில்’ ஜம்மென்று இருந்தது. வலப்பக்கம் எழுத்தெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது.

“வலப்பக்கம் வர்றவங்க கையோட ஒரு கண்ணாடி கொண்டாந்திடுங்க,” என்று ஓடுதளம் கண்டக்டர் குரலில் கூவியது.

டெக்ஸ்சர் அழ ஆரம்பித்தது. நாச்சிமுத்து பெயரை நகர்த்தினார், சுருக்கினார், வளைத்தார். நாள்கள் போயின. விமானம் எதுவும் கேட்பதை விட்டுவிட்டது.

நாற்பதாம் நாள் சாயங்காலம் அவர் மனைவி தெய்வானை ஒரு தட்டில் எண்ணெயில் சுட்ட வெல்லக் கச்சாயம் கொண்டுவந்து வைத்தாள். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ஏனுங்க, இது பறக்குமுங்களா, இல்ல நிக்கறதுக்கு மட்டுந்தானுங்களா?”

“பேரு திரும்பிக் கெடக்குது புள்ள. இதோட எப்படிப் பறக்கறது?”

“அவ்வளவு உசரத்துல யாருங்க படிக்கப் போறாங்க, பருந்தா?”

“உனக்கு ஒண்ணும் தெரியாது.”

“எனக்குத் தெரியாதுங்க. ஆனா உங்களுக்கு ஓட்டத் தெரியாது, அதான் பெயிண்டே அடிச்சிட்டு உக்காந்திருக்கறீங்கன்னு உங்க அக்கா சொல்றாங்க.”

நாச்சிமுத்துவின் காது சிவந்தது. கச்சாயத்தை வாயில் கவ்விக்கொண்டு, எஞ்சினை முடுக்கி, வேகக் கைப்பிடியை ஒரே தள்ளாகத் தள்ளினார்.

விசிறி ஒரு சுற்றோடு நிற்கவில்லை. விமானம் நம்பாமல் முதல் இருபது அடி ஓடியது. அப்புறம் நம்பி ஓடியது. சக்கரம் தரையை விட்டது. நாற்பது நாள் பாரம் இறங்கிய ஓடுதளம் இடுப்பை நிமிர்த்திக்கொண்டது.

“அக்கா, அக்கா, அவர் என்னைப் பார்க்கிறாரா?” என்று காற்றில் படபடத்தது டெக்ஸ்சர்.

“இல்லையே. அவர் என் உள்ளே உட்கார்ந்திருக்கார்.”

“உள்ளேயிருந்து என்ன தெரியும்?”

“நாலு மீட்டர் முள்ளு, ஒரு முன்கண்ணாடி, எதிரே வானம்.”

“என் மயில்?”

“தெரியாது.”

“ஒரு மயிலுமா தெரியாது?”

விமானம் வலப்பக்கமாகச் சாய்ந்து ஒரு மேகத்தைச் சுற்றியது. உள்ளே நாச்சிமுத்து வாயிலிருந்த கச்சாயத்தை மெல்லவும் மறந்து, கன்னம் உப்பியபடி உட்கார்ந்திருந்தார்.

“இறங்குற வரைக்கும் உன்னை யாரும் பார்க்க வேண்டாம் தங்கச்சி,” என்றது விமானம். “கெட்டியா ஒட்டிக்கோ.”